தகரக் குவளை

"அக்கா, நாளைக்கு ஒரு நாள் என்னை முன்னால விடுங்க."

ஜெசிந்தா அக்கா குதிரையின் குளம்பைத் தூக்கிப் பிடித்து, அதில் சிக்கியிருந்த கல்லை நெம்பிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இந்த வருஷம் ரெண்டு ஓட்டம் ஜெயிச்சிருக்கேன். நாளைக்கும் ஜெயிச்சா கோப்பை எனக்குத்தான்."

"தெரியும் தில்லை."

"தெரிஞ்சுமா பின்னால போடுறீங்க? அதுவும் அந்தப் பல் டாக்டரம்மாவுக்குப் பின்னால!"

தில்லைநாயகம் நெடுந்தூரக் குதிரையோட்டத்தில் பேர் வாங்கியவன்; அக்காவின் பள்ளியில் குதிரையேற்றம் சொல்லித்தருபவன். டாக்டர் வசுமதிக்கு ஐம்பது வயது. அவருக்கு நாளைதான் முதல் ஓட்டம். நாற்பது கிலோமீட்டர்.

"மரத்துக்கு மரம் ரிப்பன் கட்டியிருக்கோம். வழி தவறாது. முடியாதவங்களை ஏத்திக்க லாரி வருது. கடைசி ஆளுக்குப் பின்னால நான் எதுக்குக்கா?"

அக்கா குளம்பைக் கீழே விட்டார்.

"உன் முதல் ஓட்டத்தைச் சொல்லு."

நூறு முறை சொன்ன கதை. ஆனாலும் அவன் முகம் மலர்ந்தது.

"பதினெட்டு வருஷம் ஆச்சு. செவலைன்னு ஒரு கிழட்டுப் பெட்டைக் குதிரை. அதோட வேர்வை வாசம் இன்னும் மூக்குலயே இருக்கு. 'திரும்பிப் பார்க்காதே, நீ உடம்பை முறுக்கினா அதுக்கு முதுகு வலிக்கும்'னு சொல்லி அனுப்பினீங்க. நான் பார்க்கவே இல்லை."

"அப்புறம்?"

"ஏரிக்கரைக்கு வந்தா முன்னால ஒருத்தரும் இல்லை. வெயில். தொடையெல்லாம் தோலுரிஞ்சு போச்சு. போதும், இறங்கிடலாம்னு நினைச்சேன். அப்பத்தான் பின்னால ஒரு சத்தம். டங், டங்னு."

"ம்."

"லாடம் கழன்ற குதிரை ஏதோ ஒண்ணு. அட, எனக்கும் பின்னால ஒருத்தன் இருக்கான்டான்னு ஒரு தெம்பு. நான் ஓடினா அவனும் ஓடுவான். நான் இறங்கி நடந்தா சத்தமும் நின்னுடும். என்னைவிடச் சோம்பேறி!" தில்லை சிரித்தான். "கடைசிக்கு முந்தின ஆளா வந்து சேர்ந்தேன். அவனை ஜெயிச்சுட்டேன்ல?"

"யாருன்னு பார்த்தியா?"

"எங்கே பார்க்க? குதிரையோட இதயத் துடிப்பு இருபது நிமிஷத்துல அறுபத்து நாலுக்கு இறங்கலைன்னா, ஓடினதே செல்லாதே. செவலை கழுத்துல தண்ணி ஊத்திக்கிட்டே இருந்தேன்."

அக்கா கொட்டகைக்குள் போனார். நசுங்கிய தகரக் குவளை ஒன்றோடு திரும்பி வந்தார். அதை அவன் சேணத்தின் ஓரத்தில் கயிற்றால் கட்டினார்.

"தண்ணி ஊத்த."

"ஸ்பான்ஜ் இருக்கேக்கா."

"இதுவும் இருக்கட்டும்."

அவ்வளவுதான். அவனுடைய இடம் மாறவில்லை.

மறுநாள் விடியலில் முப்பது குதிரைகள் ஒன்றாகக் கிளம்பின. அந்தக் குளம்படிச் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை.

ஏரிக்கரைக்கு வந்தபோது முன்னால் போனவர்களின் புழுதியும் அடங்கிவிட்டது. வசுமதியின் குதிரை நடந்தது. தில்லையின் குதிரையும் பின்னால் நடந்தது.

இப்போது விரட்டினாலும் எல்லாரையும் பிடித்துவிடலாம். அவன் குதிரைக்கு அந்தத் தெம்பு இருந்தது.

"மாஸ்டர்," என்றார் வசுமதி, தலையைத் திருப்பாமல். "என்னால முடியலை. பல்லைப் பிடுங்கும்போது 'கொஞ்சம் பொறுத்துக்குங்க'ன்னு எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன்! அந்தப் பாவம்தான் இது."

அவன் முன்னால் நீண்ட வெற்றுப் பாதையைப் பார்த்தான்.

"லாரி வரட்டும், நான் இறங்கிக்கிறேன். நீங்க போங்க. கோப்பையை விட்டுடாதீங்க."

அவன் இன்னொரு முறை சொல்லவைக்கவில்லை. குதிகாலால் தட்டினான். குதிரை நடையை விட்டு ஓட்டத்துக்கு மாறியது.

டங்.

டங், டங்.

குவளை சேணத்தின் இரும்பு வளையத்தில் மோதிக்கொண்டிருந்தது.

அவரைத் தாண்டுவதற்கு முன்பே தில்லை கடிவாளத்தை இழுத்தான். குதிரை நின்றது. சத்தமும் நின்றது.

அதே ஏரி. அதே வெயில். அதே சத்தம். அவன் குவளையைத் தொட்டான். அதன் நசுங்கிய இடத்தில் விரல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

"என்ன மாஸ்டர், போகலையா? அது என்ன சத்தம், லாடம் கழன்றுடுச்சா?"

"ஆமாங்க டாக்டர்."

"அடப்பாவமே! அப்ப இன்னைக்குக் கடைசி ஆள் நான் இல்லையா?" அந்தக் குரலில் இப்போது சிரிப்பு இருந்தது.

"இல்லைங்க. திரும்பிப் பார்க்காம போங்க."