முட்டுக்கட்டைக்காரரின் பங்கு

இதில் ஒரு சொல் பொய்யென்றால், என் தலையில் மிச்சமிருக்கிற ஏழு முடியும் இன்றைக்கே உதிரட்டும். நடந்ததை நடந்தபடிதான் சொல்கிறேன்.

எங்கள் ஊர் மடத்துச் சாமிக்கு நாற்பது வயது. அவருடைய சீடர் சுடலைமுத்துவுக்கு அறுபத்திரண்டு. தேரோட்டத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டுத் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சுடலைமுத்துதான்.

அந்த வருஷம் முந்தின நாள் நல்ல மழை. தெற்கு மூலையில் தேர் சறுக்கிவிட்டது. சறுக்கிய வேகத்தில், கலசத்தில் உட்கார்ந்திருந்த காக்கை பறக்க மறந்து அடுத்த ஊர்ச் சந்தையில் போய் விழுந்தது. தேர் ஒரு கடைப் பந்தலை இடிக்க, பந்தல்கால் சாய்ந்து சாமியின் கால்மேல் விழுந்தது. எலும்பு முறிந்து மாவுக்கட்டு.

விசாரணை நடந்தது. அறிக்கை இங்கிலீஷில். சுடலைமுத்துவின் பெயருக்குப் பக்கத்தில் ‘கான்ட்ரிபியூட்டரி’ என்று ஒரு சொல். வாசித்துக் காட்டியவர் அர்த்தம் சொல்லாமல் போய்விட்டார். கொலைகாரன் என்பதைத்தான் கொஞ்சம் மரியாதையாக எழுதியிருக்கிறார்கள் என்று சுடலைமுத்து தானாகவே முடிவு கட்டிவிட்டார். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் துணிமூட்டையோடு சாமியின் கட்டில் முன்னால் வந்து நின்றார்.

“கெளம்புதேன் சாமி. இனி கட்டையத் தொட மாட்டேன்.”

“போறது இருக்கட்டும் அண்ணாச்சி. தேர் வெயில்ல நிக்கி. நிழலுக்குத் தள்ளிட்டு வாரும்.”

சுடலைமுத்து போனார். தோளைக் கொடுத்து முக்கினார். வேட்டி நனைய வியர்த்துத் திரும்பி வந்தார்.

“அசையல சாமி.”

“அன்னைக்கு மட்டும் ஒத்தையாத் தள்ளிட்டீராக்கும்?”

“அப்போ என் மேல தப்பே இல்லையா?”

“யார் சொன்னா? கட்டைய எப்போ போட்டீரு?”

“கண்ணு மூடித் தொறக்க நேரம் பிந்திட்டேன்.”

“அது உம்மது. பத்திரமா வச்சுக்கும். மழை?”

“அதுக்கு நான் என்ன செய்ய?”

“நிறுத்துங்கன்னு கொட்டு அடிச்ச பிறகும் வடத்தை இழுத்தாங்களே?”

“அது இழுத்தவனுவ பாடு.”

“அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு அவ்வளவுதான் அர்த்தம். எல்லாம் உம்மாலயும் இல்ல, உம்மால ஒண்ணுமே இல்லன்னும் இல்ல. போன வருஷம் தேர் நல்லபடியா நிலைக்கு வந்துச்சே, அதுக்கும் இதே வார்த்தையப் போடலாம்.”

சுடலைமுத்து மாவுக்கட்டைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

“ஆனா இந்தக் காலு, சாமி?”

சாமி வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். குரல் இறங்கியது.

“அந்த மூலையில ஆள் நிக்கக் கூடாதுன்னு கயிறு கட்டினது யாரு?”

“நான்தான்.”

“கயித்தைத் தாண்டி வந்தது யாரு?”

“நீங்க. சனத்தை ஒதுக்கத்தான வந்தீக?”

“அந்தப் பந்தல் கடைக்காரன் மொளகா பஜ்ஜி சுட்டுட்டு இருந்தான்வே.”

“அன்னைக்கு விரதமுல்லா, சாமி!”

“ரெண்டு தின்னாச்சு. மூணாவதுக்குக் கை நீட்டும்போதுதான் பந்தல் சாஞ்சது.”



சாமி சுடலைமுத்துவின் கையைப் பிடித்தார். “உம்ம பங்கை நீரு கொண்டு போனா நான் தடுக்க மாட்டேன் அண்ணாச்சி. எம் பங்கையும் சேத்துல்லா தூக்கிட்டுப் போறீரு? அது திருட்டு.”

சுடலைமுத்து துணிமூட்டையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டார்.

பஜ்ஜி விஷயத்தை நான் சொன்னேன் என்று மட்டும் யாரிடமும் மூச்சு விட்டுவிடாதீர்கள். மடத்தில் எனக்கு இன்னும் இலை போடுகிறார்கள்.