நெஞ்சில் உரமுள்ள பூச்சியப்பன்

ஒரு ஊரில் ஒரு ராஜா என்று ஆரம்பித்தால் பெருமையெல்லாம் ராஜாவுக்குப் போய்விடும். ஆகவே இந்தக் கதை எருக்குழியில் ஆரம்பிக்கிறது. ராஜா பின்னால் வருவார். அவருக்கு அது புதிதில்லை, போருக்கும் அவர் பின்னால்தான் வருவது வழக்கம்.

எருக்கங்காட்டுக்காரர்களுக்குச் சொல் என்றால் சொல்தான், அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. 'காது கொடுத்துக் கேளுங்கள்' என்று யாராவது சொன்னால், எந்தக் காதைக் கொடுப்பது என்று கூடிப் பேசுவார்கள். அந்த ஊர்ப் பூச்சியப்பன் ஒருநாள் காலையில் கத்தரிச் செடிக்கு எரு அள்ளப் போய், கால் வழுக்கிக் குழிக்குள் குப்புற விழுந்தான். அதே நேரத்தில் தெருவில் தண்டோராச் சத்தம் கேட்டது.

"பொல்லாத மந்திரவாதி கருஞ்சடையனை வெல்ல வீரன் தேவை! நெஞ்சில் உரம் உள்ளவன் எவனோ அவன் உடனே அரண்மனைக்கு வரணும்! இது ராஜ கட்டளை!"

ஊரே கூடி அவரவர் நெஞ்சைக் குனிந்து பார்த்தது. மயிர் இருந்தது, மரு இருந்தது, நேற்றுக் குடித்த கூழ்கூட இருந்தது. உரம் மட்டும் யாரிடமும் இல்லை. அப்போதுதான் பூச்சியப்பன் குழியிலிருந்து ஏறி வந்தான்.

"ஆகா, இந்தா இருக்காரே வீரன்!" என்றான் அவன் மச்சினன் குப்பாண்டி.

"அது எருடா. எரு வேற, உரம் வேற" என்றார் ஊரில் விவரமானவர் என்று பெயரெடுத்த அம்மாசி.

"குழியில கெடந்தா எரு. போட வேண்டிய எடத்துல போட்டுட்டா உரம். இப்ப இது குழியிலயா கெடக்கு, நெஞ்சுலயா?" என்று மடக்கினான் குப்பாண்டி.

அம்மாசி குழியைப் பார்த்தார், அவன் நெஞ்சைப் பார்த்தார். "நெஞ்சுலதான்" என்று ஒப்புக்கொண்டார்.

"நான் குளிச்சிட்டு வந்துர்றேன், அப்புறம் பேசிக்கலாம்" என்று பூச்சியப்பன் நழுவப் பார்த்தான். குப்பாண்டி பாய்ந்து மறித்தான். "குளிச்சா உரம் போயிருமே மாமா! அப்புறம் ராஜா என்ன நெனப்பாரு?"

பூச்சியப்பனுக்குப் போக இஷ்டமில்லை. கத்தரி பூ விட்டிருக்கிற சமயம். தண்ணீர் பாய்ச்சாவிட்டால் அத்தனையும் உதிர்ந்துவிடும். ஆனால் வீரனுடைய இஷ்டத்தை எந்த ஊர் கேட்டிருக்கிறது? குப்பாண்டியும் அம்மாசியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். காய்ந்தால் சத்துப் போய்விடும் என்று வழிநெடுக அவன் நெஞ்சில் தண்ணீர் தெளித்தான் குப்பாண்டி.

ராஜாவின் கஷ்டம் வேறு மாதிரி. கருஞ்சடையனை விருந்துக்கு அழைத்துவிட்டு, வந்தபின் 'சோறு தீர்ந்துவிட்டது' என்று புளுகியிருந்தார். 'இனிப் பொய் சொன்னால் உனக்கு விக்கல் வரட்டும்' என்று அவன் சாபம் விட்டுப் போய்விட்டான். அன்றோடு ராஜ்யம் நின்றுபோயிற்று. வாக்குறுதி கொடுக்க முடியவில்லை. பக்கத்து நாட்டு ராஜாவின் நலம்கூட விசாரிக்க முடியவில்லை.

"குடிமக்களை என் உயிரினும் மேலாக, விக், நேசிக்கும் நான் சொல்வதைக் கேள்" என்றார் ராஜா, மூக்கைப் பொத்திக்கொண்டு. "கருஞ்சடையன் தலையோடு வா. இல்லாவிட்டால் உன் தலை போய்விடும்." இரண்டாவதற்கு விக்கலே வரவில்லை.

மந்திரி ஒரு வாளைக் கொடுத்தார். "அவன் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு உள்ளே நுழையுங்கள். ஆபத்து வந்தால் தயங்காமல் வாளை உருவுங்கள்."

கருஞ்சடையன் குகை வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தான். மூவரும் போய்க் கும்பிட்டார்கள்.

"சாமி, கண்ணைக் கொஞ்சம் தொறந்தாப்புல வைங்க. மண்ணு தூவணும்" என்றார் அம்மாசி. "கல்லு இல்லாம சலிச்சு எடுத்தாந்திருக்கோம்."

"செம்மண்ணா, கரிசலா?" என்று கேட்டான் குப்பாண்டி.

"ஏண்டா, ஒனக்குத் தெரியாதா? கரிசல்தான்."

"கரிசல் ஒட்டுமேண்ணே. அவரு அப்புறம் எப்படிக் கண்ணு முழிப்பாரு?"

மந்திரவாதிக்குக் கோபம் தலைக்கேறியது. "மூணு பேரையும் தவளையாக்கிப் போடறேன்!" என்று எழுந்து கோலைத் தூக்கினான்.

"ஆபத்து வந்திருச்சு! உருவுங்கடா!" என்று அலறினார் அம்மாசி.

மூவரும் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உறையிலிருந்த வாளை மடியில் கிடத்தி, பிள்ளை பெற்றவளுக்குக் கால் உருவிவிடுகிற மாதிரி மேலிருந்து கீழாகப் பதமாக உருவினார்கள்.

"மெதுவா, மெதுவா. வாளுக்கு வலிக்கப் போவுது" என்றான் குப்பாண்டி.

இப்படி ஒரு சண்டையைக் கருஞ்சடையன் பார்த்ததில்லை. ஆனாலும் தொழில் தொழில்தானே? மந்திரம் சொல்ல மூச்சை நன்றாக உள்ளே இழுத்தான். இழுத்த மூச்சோடு பூச்சியப்பனின் நெஞ்சிலிருந்த உரமும் வழிநெடுக வெயிலில் ஊறிய அதன் வாசமும் உள்ளே போயின. மந்திரம் பாதியில் நின்றது. கண்ணில் நீர் கொட்டியது. கோல் ஒரு பக்கம் விழ, அவன் ஒரு பக்கம் விழுந்தான்.

"எட்டிப் போடா பாவி! என்ன வேணும்னு சொல்லித் தொலை, செய்யறேன்!"

பூச்சியப்பன் அழுதேவிட்டான். "எனக்கு ஒண்ணும் வேணாஞ் சாமி. ஒங்க தலையோட வரணுமாம். இல்லேன்னா என் தலை போயிருமாம். கத்தரிக்கு வேற தண்ணி பாச்சணும்."

"தலையோடதானே? வரேன். தலை இல்லாம எங்கயும் போற பழக்கம் எனக்கும் இல்ல."

சபையில் கருஞ்சடையனைக் கண்டதும் ராஜா சிம்மாசனத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். "தலை எங்கேடா?"

"இந்தா, கழுத்து மேலயே இருக்கு மகாராசா. ஒரு மயிரு கொறையல" என்றான் பூச்சியப்பன்.

"முட்டாளே, வெட்டிக் கொண்டு வரத்தானே சொன்னேன், விக்!"

சபை முழுக்க அந்த விக்கலைக் கேட்டது. ராஜா பல்லைக் கடித்தார். "சரி, போகட்டும். உன்னை நான் ஒன்றும் செய்ய மாட்டேன், விக்!"

பூச்சியப்பன் இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டான்.

கருஞ்சடையனுக்கே பாவமாக இருந்தது. "ராஜாவே, மனசார ஒரே ஒரு உண்மை சொல்லும். விக்கல் நின்றுவிடும்."

"நான் நீதி தவறாதவன், விக். நான் போருக்கு அஞ்சாதவன், விக், விக்." முயன்று முயன்று ராஜாவுக்கு மூச்சே போய்விடும் போலிருந்தது. கடைசியில் சிம்மாசனத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, "எனக்குப் பயமாயிருந்தது. அதனால்தான் வேறொருத்தனை அனுப்பினேன்" என்றார்.

விக்கல் நின்றுவிட்டது. சபையில் ஈ பறக்கும் சத்தம் கேட்டது. அந்த ஈக்கள் பூச்சியப்பனோடு வந்தவை.

"எனக்கும் அப்படித்தான் மகாராசா! எனக்கும் பயந்தான்!" பூச்சியப்பனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஓடிப்போய் ராஜாவை இறுகக் கட்டிக்கொண்டான். உடன்பிறந்தவனைக்கூட அவன் அப்படிக் கட்டிக்கொண்டதில்லை.

அவன் விலகியதும் குப்பாண்டி ராஜாவை உற்றுப் பார்த்தான். "அண்ணே, ராஜா நெஞ்சுல என்ன அது?"

அம்மாசி கிட்டே போய், குனிந்து, விரலால் தொட்டு, மோந்து பார்த்தார். "உரம்" என்றார்.

மூவரும் தடாலென்று ராஜாவின் காலில் விழுந்தார்கள். பூச்சியப்பன் வாளை அவர் கையில் வைத்தான். தூவாமல் மிச்சமிருந்த மண்ணை ராஜாவின் அங்கவஸ்திர முந்தியில் முடிந்துவிட்டார் அம்மாசி. தாம் முந்திக்கொள்ளாவிட்டால் வம்பு என்று மந்திரியும், "வாழ்க வீரர்!" என்றார்.

"ஐயோ, எனக்கு வீரமெல்லாம் கிடையாது!" என்று ராஜா கத்தினார்.

"விக்கல்தான் நின்னு போச்சே. இனிமே நீங்க சொல்றது நெசமா பொய்யான்னு நாங்க எப்படிக் கண்டோம்?" என்றான் குப்பாண்டி.

"அப்படியானால் நான் முன்னால் போய்க் குகையைப் பெருக்கி வைக்கிறேன். என் தலைக்காக நீரும் பின்னாலேயே வந்துவிடும்" என்று சொல்லிக் கிளம்பினான் கருஞ்சடையன்.

"குளித்துவிட்டாவது போகிறேனே!" என்று கெஞ்சினார் ராஜா.

கத்தரிக்குத் தண்ணீர் பாய்ச்ச வாசல்வரை ஓடிப்போயிருந்த பூச்சியப்பன் பதறித் திரும்பினான்.

"விட்டுராத மச்சான்! குளிச்சா உரம் போயிரும்! போற வழியில மறக்காம தண்ணி தெளி!"