ஈடித்தின் முன்பாதி

விரல்களை மடக்கிக்கொண்டு கேளுங்கள். நாற்பத்திரண்டு நாளில் முடிந்தாக வேண்டிய கதை இது. இங்கிலாந்தில் பிறக்கும் குழந்தையை அத்தனை நாளுக்குள் பெயரோடு பதிவு செய்துவிட வேண்டும்.

அந்த நாட்டின் கென்ட் பகுதியில், ஒரு சிற்றூரில், வதனி என்றொருத்தி இருந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து மணமாகி வந்தவள். வீட்டில் கணவன் சேந்தனும் அவனுடைய அக்கா இசைச்செல்வியும். இசைச்செல்வி தன் கணவரை யுத்தத்தில் பறிகொடுத்தவர். தொலைக்காட்சிச் செய்தியில் அந்தச் சொல் தலைகாட்டினாலே எழுந்துபோய் அணைத்துவிடுவார். வதனி வந்த முதல் நாள் அவர் கேட்டது ஒன்றுதான்.

"பிள்ளை, இந்த வீட்டுக்குள்ள அந்தச் சொல் வேண்டாம். எனக்கு வாக்குத் தா."

வதனி தந்தாள்.

இரண்டாவது வாக்கை அவள் தந்தது பனி கொட்டிய ஒரு காலையில், ரொட்டி கொண்டுபோகும் ஒரு பாண் வண்டிக்குள். வலி எடுத்தபோது சேந்தன் வேலைக்குப் போயிருந்தான். ஆம்புலன்ஸ் பனியில் எங்கோ சிக்கிக்கொண்டது. பக்கத்து வீட்டு ஈடித்துக்கு ஐம்பத்தைந்து வயது, தனியாக வாழும் பெண். பேக்கரியிலிருந்து கடைகளுக்குப் பாண் கொண்டுபோகிறவர். தன் வண்டியிலேயே வதனியையும் இசைச்செல்வியையும் ஏற்றிக்கொண்டார். பாதி வழியில் வண்டி நின்றுவிட்டது. குழந்தை நிற்கவில்லை. சூடான பாண் வாசத்துக்கு நடுவே, ஈடித்தின் கைகளில் வந்து விழுந்தாள் அந்தப் பெண்குழந்தை.

"உங்கள் பெயரைத்தான் இவளுக்கு வைப்பேன்" என்றாள் வதனி.

ஈடித் அழுதுவிட்டார். "எனக்குப் பிறகு இந்தப் பெயரில் கூப்பிட யாரும் இருக்கமாட்டார்கள் என்று நினைத்திருந்தேன், வாடனி."

வதனி என்ற பெயர் அவர் நாக்குக்கு ஒருநாளும் சரியாக வந்ததில்லை. "அவ கூப்பிடுறதைக் கேட்டால் நீ வாடிப்போன மாதிரியெல்லே கிடக்கு" என்று சேந்தன் கேலி செய்வான்.

இருபதாம் நாள் ஈடித் ஒரு பரிசு கொண்டுவந்தார். இங்கிலாந்தின் பழைய சாக்சன் காலத்துக் குழந்தைப் பெயர்களும் அவற்றின் பொருளும் அடங்கிய புத்தகம். வதனி ஆசையோடு புரட்டினாள். அந்தக் காலத்தவர்கள் இரண்டு சொற்களை ஒட்டி ஒரு பெயர் செய்வார்களாம். ஓநாயையும் கல்லையும் சேர்த்தால் வுல்ஃப்ஸ்டன். செல்வத்தையும் காவலையும் சேர்த்தால் எட்வர்ட். குடும்பத்தில் ஒருவர் பெயரில் பாதியும் இன்னொருவர் பெயரில் பாதியும் எடுத்து, பிள்ளைக்குப் புதுப்பெயர் ஒட்டுவதும் உண்டாம். ரசித்துக்கொண்டே ஈடித் என்ற பெயருக்கு வந்தாள். முன்பாதி 'ஈட்': செல்வம். பின்பாதி: யுத்தம்.

புத்தகத்தை மூடி வைத்தாள். ஆனால் மூடி வைத்த புத்தகத்தை இசைச்செல்வி திறந்து பார்த்துவிட்டார்.

"பிள்ளையைக் கூப்பிடேக்கையெல்லாம் நான் அதையோ கூப்பிடுறது?"

"அக்கா, அது ஆயிரம் வருசத்துக்கு முந்தின பாஷை. இப்ப ஆருக்கு விளங்கும்?" என்றான் சேந்தன்.

"எனக்கு விளங்கீட்டுதே, தம்பி."

அன்றிலிருந்து அவர் குழந்தையை வெறும் 'குஞ்சு' என்றுதான் அழைத்தார். குளிப்பாட்டுவதும் தூங்கவைப்பதும் அவர்தான். பெயர் மட்டும் வாயில் வரவில்லை.

"பதிவில ஈடித் எண்டு எழுதுவம். வீட்டில வேற பெயரால கூப்பிடுவம்" என்று வழி சொன்னான் சேந்தன்.

"நான் கடதாசிக்கோ வாக்குக் குடுத்தனான்? கூப்பிடக் கேக்கவேணும் எண்டுதானே அவ அழுதவ" என்றாள் வதனி.

நாற்பத்தோராம் நாள் அவள் ஈடித்தின் சமையலறைக்குப் போய் உண்மையைச் சொன்னாள். அந்தச் சொல்லைச் சொல்வதற்கு அந்த வீடுதான் வசதி. ஈடித் மாவு பிசைவதை நிறுத்தவில்லை.

"ஐம்பத்தைந்து வருடமாக யுத்தத்தையா சுமந்துகொண்டு திரிந்தேன்!" என்று சிரித்தார். பிறகு பிசைந்த மாவை இரண்டாகப் பிய்த்து, ஒரு துண்டை வதனி பக்கம் தள்ளினார். "முன்பாதியை நீ எடுத்துக்கொண்டு போ. அதைக் கூப்பிடக் கேட்டால் எனக்குப் போதும். பின்பாதி என்னோடு இருக்கட்டும், பழகிவிட்டது. ஆனால் பிள்ளையைப் பாதிப் பெயரோடு விட்டுவிடாதே."

நாற்பத்திரண்டாம் நாள். பதிவாளரின் மேசைக்கு முன்னால் வதனியும் சேந்தனும். பக்கத்தில் குழந்தையை மடியில் வைத்தபடி இசைச்செல்வி. பின்னால், கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி ஈடித். மனதில் முடிவு செய்த பெயரை வதனி அதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

"குழந்தையின் பெயர்?" என்றார் பதிவாளர்.

வதனி சொன்னாள். தாம் கொடுத்த பாதி ஈடித்தின் காதில் விழுந்தது. இசைச்செல்வியிடமிருந்தும் வதனி எடுத்தது பாதிதான். ஆனால் புத்தகம் படித்திருந்த அவருக்குத் தம் முழுப் பெயரும் கேட்டது. சொல்லக்கூடாத சொல் அதில் இல்லை. இரண்டு வாக்குகளும் உடையவில்லை.

நீங்கள் சொல்லுங்கள்: வதனி சொன்ன பெயர் என்ன? பாதியை மட்டும் எடுத்த இடத்தில் முழுப் பெயரும் எப்படி வந்தது?

விடை: ஈடிசை. ஈடித்திடமிருந்து 'ஈட்', இசைச்செல்வியிடமிருந்து 'இசை'. சாக்சன் மொழியில் 'ஈட்' என்றால் செல்வம். இசையும் செல்வமும் சேர்ந்தால் இசைச்செல்வி அல்லவா? ஒலியில் ஈடித், பொருளில் இசைச்செல்வி. வதனி என்று சொல்ல வராத ஈடித்துக்கு இந்தப் பெயர் முதல் தடவையிலேயே சரியாக வந்தது. இசைச்செல்வி குழந்தையின் போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டு எழுந்தார். "ஈடிசை," என்றார், "வா குஞ்சு, வீட்டை போவம்."