சேர்மத்துரையின் தோள்

"லிங்கக்கனிய வீட்டுக்கு அனுப்பிருங்கம்மா. அவ கைக்கு ஒண்ணும் தட்டுப்படல," என்றார் தவசிமுத்து.

பேச்சித்தாய் எலும்பு வைத்தியர். தேரிக்காட்டுப் பக்கம் மூட்டு பிசகியவர்கள் அவரிடம்தான் வருவார்கள். தவசிமுத்து அவரைவிட வயதில் மூத்தவர். பல வருடம் தனியாக வைத்தியம் பார்த்துவிட்டு, பிறகு அவரிடம் சீடராகச் சேர்ந்தவர். லிங்கக்கனி அங்கே இன்னொரு சீடப் பெண்.

"என்ன நடந்தது அண்ணாச்சி?"

"பனையேறி சேர்மத்துரைக்குத் தோள்வலி. சவ்வு கிழிஞ்சிருக்கு, இனி மரம் ஏறாதேன்னு போன வாரம் சொன்னேன். அதே தோளைப் பார்த்துட்டு அவ வெறும் வீக்கம்ங்கிறா. யார் கை சரின்னு நீங்களே சொல்லுங்க."

பேச்சித்தாய் எழுந்தார். ஒரு துண்டை எடுத்து தவசிமுத்துவின் கண்ணைக் கட்டினார்.

"ஆள் வரும். பேசாது. தோளைப் பார்த்துச் சொல்லுங்க."

காலடி கேட்டது. யாரோ உட்கார்ந்தார்கள். தவசிமுத்து அந்தக் கையைப் பக்கவாட்டில் தூக்கி நிறுத்தினார்.

"நான் அழுத்துவேன். விடாம தாங்கு."

அழுத்தினார். கை சரிந்தது.

"சவ்வு கிழிஞ்சிருக்கு."

காலடி போனது. மறுபடி வந்தது. மறுபடி அழுத்தினார். கை அசையாமல் நின்றது.

"இது வீக்கம். ஒத்தடம் போதும்."

இன்னொரு முறை வந்தது. இந்தத் தடவை கொஞ்சம் யோசித்தார்.

"கிழிசல்தான். ஆனா சின்னது."

பேச்சித்தாய் கண்கட்டை அவிழ்த்தார்.

எதிரே சேர்மத்துரை உட்கார்ந்து தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

தவசிமுத்து வாசலைப் பார்த்தார். "மத்தவங்க எங்கம்மா?"

"மத்தவங்க யாருமில்ல. மூணு தடவையும் இவன்தான்."

அவருக்குக் காது மடல் சுட்டது. இரண்டு கைகளையும் வேட்டி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டார்.

சேர்மத்துரை எழுந்தான். அவன் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருக்கலாம்.

"வைத்தியரய்யா, நீங்க சொன்ன மறுநாளே என் பொண்டாட்டி சூளைக்குக் கல் சுமக்கப் போயிட்டா. வயித்துப் பிள்ளைக்காரி. வேண்டாம்னா கேக்க மாட்டேங்கா. நான் மரம் ஏறலாமா, கூடாதா?"

எதையாவது சொல்லித் தப்பிக்க, பழகிய வார்த்தைகள் நாக்கு நுனிவரை வந்தன. அவன் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டன.

தவசிமுத்து தலையைக் குனிந்தார்.

"தெரியலப்பா."

மெதுவாக இன்னொரு முறை சொன்னார்.

"எனக்குத் தெரியல."

பேச்சித்தாய் சேர்மத்துரையின் முதுகில் கைவைத்து அவனை உட்காரச் செய்தார்.

"இப்ப தொடுங்க, அண்ணாச்சி."