வெள்ளைத் திரையோரம் நின்றவன்

காலை முழுக்க மழை தின்றுவிட்ட டெஸ்ட் மேட்ச் அது. கடைசி நாளின் கடைசி ஒரு மணி நேரம், கையில் ஒரே ஒரு விக்கெட். ஆட்டம் நின்றால் டிரா, தொடர்ந்தால் தோல்விதான். பேட்டிங்கில் நின்ற கேப்டன் சந்திரமௌலி மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"வெளிச்சமே இல்லை. பந்து கண்ணுக்குத் தெரியலை."

அம்பயர் வானத்தைப் பார்த்துத் தயங்கினார். சந்திரமௌலி மைதானப் பணியாள் எத்திராஜைக் கைதட்டிக் கூப்பிட்டார். "இருபது வருஷமா இங்கேயே கிடக்கிறவன், இவனைக் கேளுங்க!" என்றவர், அவன் காதோரம் குனிந்தார். "இருட்டுன்னு சொல்லு. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

எத்திராஜ் கைகட்டி நின்றான். "இருட்டுதாங்க அய்யா. ஆனா போன ஓவர்ல, பவுண்டரிக்கு அந்தாண்ட, பந்து தெளிவாத் தெரிய வெச்சிருக்கிற வெள்ளைத் திரையோரம் நின்னு காதைச் சொறிஞ்சேன். கேப்டன் சார் ஆட்டத்தையே நிறுத்தி, 'சொறியாதேடா'ன்னு கத்தினாரு. அவ்வளவு தூரத்துல என் விரல் தெரிஞ்சிருக்கே, அதான் புரியலைங்க."

சந்திரமௌலிக்குக் காது மடல் சுட்டது.

"ஆடுங்க," என்றார் அம்பயர்.

திரையோரம் எத்திராஜ் இமையைக்கூட அசைக்காமல் நின்றான். அடுத்த பந்தில் ஸ்டம்ப் எகிறியது.

பெவிலியன் படி வரைக்கும், முகம் பார்க்காமல் திரும்பிக்கொண்ட ஒவ்வொருவரும் சந்திரமௌலிக்குத் துல்லியமாகத் தெரிந்தார்கள்.