பெயரைக் கழித்த தேடல்

கல்லூரித் துறைத்தலைவர் கனகசபாபதியின் புது நூலில் உள்ள ஒரு பத்தியை வேறெங்கோ படித்ததாக, நூலகத் தற்காலிக உதவியாளர் பெர்பெத்துவா சொல்லிவிட்டாள்.

"மணி அடிக்கறதுக்குள்ள காட்டும்மா. இல்லாட்டி நாளைக்கு வேலைக்கு வராதே," என்றார் அவர், எல்லார் முன்னாலும்.

கணினியில் தேடினாள். ஆயிரம் பக்கங்கள் வந்தன, எல்லாமே அவர் புகழ். சுற்றி நின்ற ஆசிரியர்கள் சிரித்தார்கள்.

அவள் பத்தியின் முதல் வரியை அப்படியே இரட்டை மேற்கோளுக்குள் போட்டாள். அவர் பெயர் வரும் பக்கங்கள் விலகட்டும் என்று, பக்கத்தில் ஒரு மைனஸ் குறியும் அதையொட்டி அவர் பெயரும் அடித்தாள்.

ஒரே ஒரு பக்கம் வந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் யாரோ ஒரு மாணவி எழுதிய ஆய்வேடு. பத்தி எழுத்துக்கு எழுத்து அதேதான்.

சிரித்தவர்கள் திரையை நோக்கிக் குனிந்தார்கள். கனகசபாபதி நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். "என்னம்மா பண்ணின?"

"ஒண்ணும் பண்ணலைங்க ஐயா. உங்க பேரை மட்டும் எடுத்தேன். மத்ததெல்லாம் அப்படியே இருக்கு."