பனை ஓடிய கோடை

பனங்காய்க்குள் தண்ணீர் இல்லாத காலம் அது. உரித்தால் நார், நாருக்குள் கொட்டை, அவ்வளவுதான். பசித்த மாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். மரமும் பறவையும் மனிதர்களும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டு திரிந்த அந்தக் காலத்தில், சிவப்பு மணல் குவிந்து கிடக்கும் தேரிக்காட்டின் ஓரத்தில் பேராச்சி என்றொருத்தி குடிசை போட்டு வாழ்ந்தாள். கூப்பிடு தூரத்தில் ஒற்றைப் பனை ஒன்று நின்றது. வேறு துணை இல்லை.

அவளுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் மந்திரம், நடுவுள்ளவள் தங்கம்மை, கடைக்குட்டி வெயிலாள். புருஷன் கொம்பையா ஆடுகளை ஓட்டிக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போயிருந்தான். கோடையில் தேரியில் புல் இருக்காது. மழை விழுந்த பிறகுதான் வருவான். புறப்படும்போது, “பகல்ல பிள்ளைகளை வெளிய விட்டுராத, பாத்துக்க” என்று சொல்லிவிட்டுப் போனான். சொல்லிவிட்டுப் போகிறவனுக்கு என்ன?

வெயில் ஏறத் தொடங்கினால் அந்த மணலில் கால் வைக்க முடியாது. பொழுது சாயும் வரை மூன்றையும் குடிசைக்குள்தான் அடைத்துவைக்க வேண்டும். அணில்களைப் பிடித்துக் கூடைக்குள் மூடினால் எப்படி இருக்கும்? ஒன்று கூரைக் கழியில் தொங்கும். ஒன்று வாசல் படலைப் பிறாண்டும். ஒன்று மற்ற இரண்டையும் கடிக்கும். உடம்பெல்லாம் வேர்க்குரு வேறு. சொறிவதும் சிணுங்குவதும் கிள்ளுவதும் கிள்ளியவனைப் பற்றிச் சொல்வதுமாக ஒரு நொடி ஓயமாட்டார்கள்.

பேராச்சியும் தன்னால் ஆனதையெல்லாம் செய்தாள். புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்துக் கொடுத்துத் தரையில் கட்டம் போட்டாள். இரண்டு ஆட்டம் முடிவதற்குள் அழுகுணி ஆட்டம் என்று சண்டை வந்துவிட்டது. ஓலையைக் கிழித்துக் காற்றாடி செய்து முள்ளில் குத்திக் கொடுத்தாள். காற்று வீசினால்தானே அது சுற்றும்? அதைக் கையில் பிடித்துக்கொண்டு பிள்ளைகளே குடிசைக்குள் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். கூழ்ப்பானை உடைந்தது. காய்ந்த இலந்தைப்பழத்தை உப்பும் புளியும் சேர்த்து இடித்து, உருட்டித் தட்டி ஆளுக்கொரு வடை கொடுத்தாள். சப்புக்கொட்டித் தின்றார்கள். தின்று முடித்த வாய்க்குத் தாகம் எடுத்தது. குடத்தில் அடிமட்டத் தண்ணீர்தான் கிடந்தது.

“யம்மா, அடுத்து என்ன?” என்றாள் வெயிலாள், விரலை நக்கிக்கொண்டே.

எதைக் கொடுத்தாலும் அவளுக்கு அதே கேள்விதான். உடைந்த பானைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பேராச்சிக்குச் சுள்ளென்று வந்தது. “கொஞ்ச நேரம் ஆடாம அசையாம கெடங்களேன்! என் உசிரை ஏன் வாங்குதீங்க?” என்று கத்தினாள்.

பிள்ளைகள் திகைத்துப்போய் ஒரு மூலையில் ஒண்டினார்கள். அதுவும் கொஞ்ச நேரம்தான்.

வெயில் நாளுக்கு நாள் ஏறியது. மணலைத் தோண்டி வைத்திருந்த ஊற்றில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. விடிகாலையில் போய் உட்கார்ந்தால், கொட்டாங்கச்சியால் சுரண்டிச் சுரண்டி அரைக்குடம் தேறும். பிறகு கால்குடம். பிறகு அதுவும் உப்புக் கரித்தது. பேராச்சிக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்கு வருவாள், மலைப்பக்கம் பார்ப்பாள், உள்ளே போவாள், குடத்தைச் சாய்த்துப் பார்ப்பாள், மறுபடியும் வாசலுக்கு வருவாள்.

அப்படி ஒரு முறை உள்ளே போனபோதுதான் வெயிலாளைப் பார்த்தாள். ஓலைக் காற்றாடி நெஞ்சின் மேல் கிடக்க, பிள்ளை மல்லாந்து படுத்திருந்தது. சொறியவில்லை, சிணுங்கவில்லை. கண் பாதி திறந்திருந்தது. மந்திரம் அவள் உள்ளங்காலில் கிச்சுக்கிச்சு மூட்டிக்கொண்டிருந்தான்.

“சிரிக்க மாட்டேங்காம்மா” என்றான்.

பேராச்சி ஓடிப்போய் நெற்றியைத் தொட்டாள். கொதித்தது. உதட்டில் தண்ணீரைத் தடவினாள். உப்புத் தண்ணீரைப் பிள்ளை நாக்காலேயே வெளியே தள்ளியது. குடிசைக்குள் அப்படியொரு அமைதியை அவள் அதற்கு முன் கேட்டதில்லை.

வாசலில் சர்ரென்று ஒரு நிழல் போனது. பனை உழவாரன் குருவி. பறந்துகொண்டே இருக்கும், மண்ணில் இறங்காது, பேசினாலும் பறந்தபடியேதான் பேசும்.

“உழவாரா, பக்கத்துல எங்கயாச்சும் நல்ல தண்ணி கெடக்கா?” என்று கூவினாள் பேராச்சி.

“பக்கத்துல எங்கயும் இல்ல” என்றபடி கூரையைச் சுற்றியது குருவி. சுற்றிவிட்டுத் திரும்ப வந்தது. “ஆனா பனைக்குள்ள இருக்கு.”

“பனைக்குள்ளயா?”

“என் கூடு அதோட ஓலையிலதான இருக்கு. ராவும் பகலும் உள்ள தண்ணி சலசலங்கது கேக்கும். யாருக்கும் சொல்லாதன்னுச்சு. நான் சொல்லல, ஆமா, நான் சொல்லல!” என்று கத்திக்கொண்டே பறந்துவிட்டது.

பேராச்சி வெயிலாளைத் தோளில் போட்டுக்கொண்டாள். கூரையில் செருகியிருந்த அரிவாளை எடுத்தாள். உச்சிவெயிலில் மணல் மேல் இறங்கி ஓடினாள். பெரிய பிள்ளைகள் இரண்டும் ஓலைத் துண்டுகளைக் கீழே போட்டு, அவற்றின் மேல் குதித்துக் குதித்துப் பின்னால் வந்தன.

“பனையக்கா! பிள்ளைக்குக் கொஞ்சம் தண்ணி குடு.”

பனை ஓலையை ஆட்டிக்கொண்டே நின்றது.

“உள்ள இருக்குன்னு தெரியும், அக்கா.”

“அந்த வாயாடி சொன்னானா?” ஓலைகள் சடசடத்தன. “இருக்கு. ஆனா தர முடியாது பேராச்சி.”

“ஏன்?”

“நான் நடக்கப் போறேன்” என்றது பனை.

பேராச்சி வெயிலாளைப் பனையின் அடியில், விரல் அகலத்துக்கு விழுந்திருந்த நிழலில் சாய்த்தாள். பனையே சொல்லிக்கொண்டு போனது.

“நான் கன்றா இருந்தப்ப ஒரு மேகம் இந்தப் பக்கமா வந்துச்சு. அதுக்கு எங்க வேணும்னாலும் போக முடியுது. நானும் வரட்டான்னு கேட்டேன். ‘உன் உடம்பு முழுக்கத் தண்ணி நெறையணும், ஒரு சொட்டும் யாருக்கும் கொடுத்திரக் கூடாது, அப்ப வேரு தானா இளகும், எந்திரிச்சு வா’ன்னு சொல்லிட்டுப் போச்சு. அன்னையிலேருந்து சேக்கேன். காய்க்குக்கூடக் கொடுக்கல. அதான் என் காய் வெறுங்காயாக் கெடக்கு. வேரு இளகத் தொடங்கிருச்சுட்டி. இந்த மழைக்கு எந்திரிச்சிருவேன். ஒரே இடத்துல நின்னு நின்னு எனக்குப் பைத்தியம் பிடிக்குது. அதான் ஓலையை ஆட்டிக்கிட்டே கெடக்கேன்.”

பேராச்சி அரிவாளை ஓங்கினாள். “தரலன்னா அடிமரத்தைப் பொளந்து எடுத்துக்கிடுவேன்!”

“பொள. அம்புட்டும் மணலுக்குள்ள போயிரும். உன் பிள்ளைக்கு ஒரு கை அள்ளக் கிடைக்காது.”

ஓங்கிய கை கீழே வந்தது. அவள் அரிவாளைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். தங்கம்மை தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.

பனை குரலைத் தாழ்த்திக் கேட்டது. “சின்னவ ஏன் ஓடல? ரெண்டு மூணு நாளா நானும் பாக்கேன். காலையிலயும் வரல, சாயங்காலமும் வரல.”

“அவளையா பாத்துக்கிட்டிருக்க?”

“அவ நடை பழகினதே என் அடியைப் பிடிச்சுத்தானட்டி. காலை எப்படித் தூக்கணும், எப்படி வைக்கணும், விழுந்தா எப்படி எந்திரிக்கணும், எல்லாம் அவளைப் பாத்துத்தான் நானும் படிச்சேன். அவளை ஒரு தரம் ஓடச் சொல்லு, பேராச்சி. பாத்து நாளாச்சு.”

பேராச்சி வெயிலாளின் இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். கையை எடுத்தாள். பிள்ளையின் முழங்கால் மடிந்தது. கொடியிலிருந்து துணி விழுவதுபோலச் சத்தமில்லாமல் மணலில் சரிந்தது. பனையின் வேருக்கு மேலேயே விழுந்தது.

பனையின் ஓலைகள் அப்படியே நின்றுபோயின.

பிறகு காற்றே இல்லாத அந்த உச்சிப்பொழுதில் மரம் மேலிருந்து கீழ் வரை உதறியது. மண்ணுக்குள் ஏதோ இறுகும் சத்தம் கேட்டது. இளகிக்கொண்டிருந்த வேர்கள் மறுபடியும் தேரியை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. அடிமரத்துக்குள் சலசலவென்று தண்ணீர் மேலே ஏறியது. மந்திரம் காதை மரத்தில் வைத்துக் கேட்டுவிட்டு, “போகுதும்மா, மேல போகுது!” என்று கத்தினான். உச்சியில் கருத்துக் கிடந்த காய்க்குலை கனத்துத் தாழ்ந்தது. காம்பு முறிந்து மணலில் தொப்பென்று விழுந்தது.

“சீக்கிரம் வெட்டு, பேராச்சி” என்றது பனை. அதன் குரல் காய்ந்து கரகரத்தது. “மூணு பிள்ளைக்கு மூணு கண்ணாப் பிரிச்சு வச்சிருக்கேன். சண்டை வரக் கூடாது.”

பேராச்சி ஒரு காயை எடுத்துத் தலையைச் சீவினாள். நாருக்கு நடுவே மூன்று கண்கள், பனிபோல வெளுத்துத் தளும்பின. கட்டைவிரலை விட்டு நெம்பியதும் தண்ணீர் அவள் முகத்தில் பீச்சி அடித்தது. இனிப்பான தண்ணீர். அதை வெயிலாளின் உதட்டில் ஒழுகவிட்டாள். முதலில் அது கடைவாய் வழியாக வழிந்தது. இரண்டாம் கண்ணில் தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது. மூன்றாம் கண்ணின் வழுவழுப்பான சுளையைப் பிள்ளை தானே உறிஞ்சி இழுத்தது. பெரிய பிள்ளைகளும் ஆளுக்கொரு காயாக நோண்டித் தின்றார்கள். சுளைத் தோல் துவர்த்தது. துப்பிவிட்டு அந்தத் தண்ணீரை முதுகில் தேய்த்தார்கள். வேர்க்குரு அடங்கியது.

பொழுது சாய்கிற நேரத்தில் வெயிலாள் எழுந்து உட்கார்ந்தாள். அண்ணனைக் கிள்ளினாள். அவன் “யம்மா, கிள்ளுதா!” என்று கத்தியதும் பேராச்சி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அழுது முடித்துத் தலையை உயர்த்தினாள். “பனையக்கா, உனக்கு நான் என்ன செய்யட்டும்?”

பதில் வரவில்லை. மறுபடியும் கேட்டாள். ஓலை மட்டும் சடசடவென்றது. தண்ணீரோடு அதன் பேச்சும் போய்விட்டது. சேர்த்து வைத்த நடையும் போய்விட்டது. அந்தச் சடசடப்பைக் கேட்கக் கேட்கப் பேராச்சிக்கு மனசு ஆறவில்லை. வீட்டுக்குப் போகவும் கால் வரவில்லை, அங்கே நிற்கவும் முடியவில்லை. மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

பிள்ளைகள் தின்று போட்ட வெறுங்காய்கள் அங்கங்கே கிடந்தன. வெயிலாள் எழுந்து நின்று, தள்ளாடி, ஒன்றைக் காலால் எத்திவிட்டாள். அது மணல்மேட்டிலிருந்து உருண்டு உருண்டு கீழே ஓடியது.

சடசடப்பு நின்றது. ஓலைகள் எல்லாம் அந்தக் காய் போன திசையிலேயே சாய்ந்து நின்றன.

பேராச்சி பார்த்துவிட்டாள். காய் உருண்டு நின்றதும் சடசடப்பு மறுபடி தொடங்கியது. அவள் ஓடிப்போய் இன்னொன்றை உருட்டினாள். ஓலைகள் மறுபடி நின்றன.

“மந்திரம், கம்பு ஒண்ணு ஒடிச்சிட்டு வால! கவட்டை உள்ளதா!”

இரண்டு வெறுங்காய்களை எடுத்து, நடுவில் ஒரு சிறு குச்சியைச் செருகி ஒன்றோடொன்று கோத்தாள். அந்தக் குச்சியின் மேல் கவட்டைக் கம்பை வைத்து, மறுமுனையை வெயிலாளின் கையில் கொடுத்தாள். “தள்ளிக்கிட்டே ஓடுட்டி. உன் பெரியம்மையைக் கூட்டிக்கிட்டுப் போ.”

வெயிலாள் ஓடினாள். முதலில் மெதுவாக, நாலடிக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு. பிறகு பனையைச் சுற்றி, குடிசையைச் சுற்றி, மணல்மேட்டில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி. பின்னாலேயே மந்திரமும் தங்கம்மையும் தங்களுக்கும் வண்டி கோத்துக்கொண்டு ஓடினார்கள். பனை நின்ற இடத்திலேயே நின்றபடி, தன் காய் போகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பியது. தன் காயோடு கூடவே போய், மணல்மேட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று அது பார்த்ததே அப்போதுதான்.

மழை விழுந்ததும் கொம்பையா ஆடுகளோடு திரும்பி வந்தான். ஊற்றில் தண்ணீர் ஊறியிருந்தது. பிள்ளைகள் கொழுகொழுவென்று இருந்தார்கள். அடுத்த கோடைக்கும் அதற்கடுத்த கோடைக்கும் பனை குலை தள்ளியது. பக்கத்துக் காடுகளிலிருந்து தாய்மார்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் பேராச்சி காயைச் சீவிக் கொடுத்தாள். தின்று முடித்த பிள்ளைகளை வெறுங்காயைக் கீழே போடவிடாமல், அவர்கள் கையில் ஒரு குச்சியைக் கொடுத்தாள். வெட்டாமல் விட்ட காய்கள் பழுத்து விழுந்து, அவற்றின் கொட்டைகள் போன இடமெல்லாம் பனை முளைத்தது.

நுங்குக்கு மூன்று கண் வந்ததும், ஊரே வெயிலில் காய்கிற மாதத்தில் பனை குலை தள்ளுவதும், நுங்கு தின்ற பிள்ளைகள் வாயைத் துடைப்பதற்கு முன்னால் வண்டி செய்யக் குச்சி தேடுவதும் அந்தக் கோடையிலிருந்துதான். அந்த வண்டி தெருவில் ஓடும்போதெல்லாம், ஒரே இடத்தில் நிற்கிற ஏதோ ஒரு பனை ஓடிக்கொண்டிருக்கிறது.